இறந்தவரின் போனும் வாட்ஸ்அப்பும்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜ் பின் போடுவது, ரீசார்ஜ், இவைதான் பிழைப்பு. மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இறந்துபோனவருடைய போனை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மற்ற போன்களைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இந்த போன்களை மட்டும் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார்கள். நின்றபடி கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இங்கே. என் அப்பா போனபோது இதில் பாதி எனக்கே தெரியாது.

இறந்தவர் நம்பருக்கு தினமும் வாட்ஸ்அப் அனுப்புகிறேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கணவரின் போனைக் கொண்டுவந்தார். அவர் இறந்து மூன்று மாதம், போனில் சார்ஜ் ஏறாமல் போய்ப் பத்து நாள். பின்னை மாற்றி, ஆன் செய்து, கடை வைஃபையில் இணைத்தேன். மேசை மேலே போன் அதிர ஆரம்பித்து நிற்கவே இல்லை. எல்லாம் அந்த அம்மா அனுப்பியவை. மோட்டார் ரிப்பேர், 600 ரூபாய் கேட்கிறான். பென்ஷன் வந்துவிட்டது. இன்றைக்கு வத்தக்குழம்பு, உப்பு தூக்கல். அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். பத்து நாளாக ஒற்றை டிக்கோடு நின்றவை எல்லாம் இரண்டு டிக் ஆகிக்கொண்டிருந்தன. "போய்ச் சேர்ந்துடுச்சு தம்பி" என்றார்.

ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. "அவர் நல்லவர், வல்லவர்" என்று அதில் பேச்சு ஓடுவது குறைவு. "என்னை விட்டுட்டுப் போனீயே" என்று செத்தவரை எதிரில் உட்காரவைத்துத்தான் பேசுவார்கள். நாளிதழில் வருகிற நினைவஞ்சலி விளம்பரமும் அப்படித்தான்: "நீங்கள் எங்களைப் பிரிந்து ஆண்டுகள் மூன்று ஆகின்றன." யாரைப் பார்த்து இந்த 'நீங்கள்'? மேலே போனவர் பேப்பர் வாங்கிப் படிக்கப்போவதில்லை என்று காசு கட்டி விளம்பரம் கொடுப்பவருக்கும் தெரியும். ஆடி அமாவாசைக்கு பகவத் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற ஊரில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பை மட்டும் கிறுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

படித்தவர்களும் இதில் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1917இல் உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, போனவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்ற எண்ணம் ரொம்ப காலம் இருந்தது. 1996இல் டென்னிஸ் கிளாஸ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். உறவு அறுவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது நோய் அல்ல என்றார்கள்.

ஒன்று மட்டும் சொல்வேன். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நானும் அவரிடமே போய்விடுகிறேன்" என்று எழுதத் தோன்றுகிறது என்றால், அந்த மெசேஜ் உயிரோடு இருக்கிற ஒருவருக்குப் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நான் மட்டும்தான் இப்படியா, வேறு யாராவது செய்கிறார்களா?

வூஹான் கண் மருத்துவர் லீ வென்லியாங்கை நினைவிருக்கும். புதுத் தொற்று பற்றி முதலிலேயே நண்பர்களை எச்சரித்து, அதற்காகக் காவல்துறையிடம் கண்டிப்பு வாங்கியவர். 2020 பிப்ரவரி 1ஆம் தேதி, தனக்குத் தொற்று உறுதியாகிவிட்டது என்று வெய்போ என்ற சீன சமூக வலைத்தளத்தில் எழுதினார். 7ஆம் தேதி இறந்துபோனார். அந்தக் கடைசிப் பதிவின் கீழே சீனர்கள் எழுதுவதை நிறுத்தவே இல்லை. பின்னூட்டங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. அரசியல் கோபம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் "நாளைக்குப் பரீட்சை, டாக்டர்", "இங்கே மழை", "வேலை கிடைத்துவிட்டது" என்று வீட்டுப் பேச்சு. அவருக்குப் பொரித்த கோழிக்கால் பிடிக்கும் என்பதால், சாப்பிடும்போது அதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவரை நேரில் பார்த்தே இராதவர்கள் இவர்கள்.

ஜப்பானில் இதற்கு இணையம்கூட வேண்டியிருக்கவில்லை. ஒட்சுச்சி என்ற கடலோர ஊரில் இட்டாரு சசாகி என்பவர், உறவுக்காரர் ஒருவரின் சாவுக்குப் பிறகு 2010இல் தன் தோட்டத்தில் ஒரு டெலிபோன் கூண்டு வைத்தார். உள்ளே பழைய சுழல் டயல் போன். ஒயர் எங்கேயும் போகாது. அடுத்த வருடம் மார்ச்சில் சுனாமி வந்தது. ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் தேடிவந்து அதில் பேச ஆரம்பித்தார்கள். காற்று போன் என்று அதற்குப் பெயர்.

அவருடைய வாட்ஸ்அப் எத்தனை நாள் இருக்கும்?

அந்த நம்பரின் வாட்ஸ்அப் 120 நாள் இணையத்தோடு தொடர்பே இல்லாமல் கிடந்தால் கணக்கு அழிக்கப்படும். அப்போது அவர் இருந்த குழுக்களில் எல்லாம் "வெளியேறினார்" என்று ஒரு வரி வரும். இது நடந்து பார்த்த விஷயம். 2019 ஆகஸ்ட் 5இல் காஷ்மீரில் இணையத்தை நிறுத்தினார்கள். சரியாக நான்கு மாதம் கழித்து டிசம்பர் முதல் வாரத்தில் காஷ்மீரிகள் கூட்டம் கூட்டமாகக் குழுக்களிலிருந்து "வெளியேறினார்கள்". என்னவோ ஏதோ என்று வெளியூர்ச் சொந்தங்கள் பதறின. 120 நாள் கணக்குதான் காரணம்.

குடும்பக் குழுவில் "அம்மா வெளியேறினார்" என்ற வரியைப் பார்த்துவிட்டு ஒரு பையன் கடைக்கு ஓடிவந்திருக்கிறான், யாரோ போனை ஹேக் செய்துவிட்டார்கள் என்று. பதினாறு முடிந்து, மூன்று மாதமும் முடிந்து, கொஞ்சம் தேறி வருகிற நேரத்தில் அந்த வரி வருகிறது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அடி குறையும் என்பதால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. அணைத்துக் கிடக்கிற போனுக்கு அனுப்பும் மெசேஜை வாட்ஸ்அப் 30 நாள்தான் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். உங்கள் போனில் நீங்கள் எழுதியது மட்டும் ஒற்றை டிக்கோடு இருக்கும்.

அப்படியென்றால் சிம்மை உயிரோடு வைத்திருக்க வேண்டுமா?

முடிந்தால் வையுங்கள். என் கதையைக் கேளுங்கள். அப்பா போன பிறகு அவர் சிம்முக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டுவிட்டேன். ரீசார்ஜ் கடைக்காரன் அப்பா நம்பருக்கே போடவில்லை என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுவாள். ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் அம்மா போனை நீட்டி, "யாருடா இது, அப்பா பேர்ல?" என்றாள். 'அப்பா' என்று சேமித்திருந்த இடத்தில் புல்லட் மேல் சாய்ந்து நிற்கிற ஒரு பையனின் படம். நம்பர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. கூப்பிட்டுப் பேசினேன். நல்ல பையன். "உங்க அப்பாவைக் கேட்டு இன்னும் போன் வருதுண்ணே, நான்தான் அவர் இல்லைன்னு சொல்லிட்டு இருக்கேன்" என்றான். முகம் தெரியாத ஊரில் ஒருத்தன் என் அப்பாவின் சாவுச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

விதி இதுதான். ப்ரீபெய்ட் சிம்மில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்த இரண்டாவது கணக்கைச் சொன்னது. பழைய வாட்ஸ்அப் தகவல்களை அழித்துக்கொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று நீதிமன்றமும் வழக்கை முடித்தது.

ஆகவே முறையாகச் செய்வதென்றால், இறப்புச் சான்றிதழையும் உங்கள் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கம்பெனி ஷோரூமுக்குப் போய் இணைப்பை வாரிசு பெயருக்கு மாற்றிவிடுங்கள். என் கடை மாதிரி ரீசார்ஜ் கடையில் அது ஆகாது. வங்கி ஓடிபி, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கும் என்பதால் எப்படியும் தேவைப்படும். அப்புறம் உள்ளதிலேயே சின்ன ரீசார்ஜாகப் போட்டுவந்தால் போதும்.

குரலை எப்படிப் பத்திரப்படுத்துவது?

முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. மற்றதெல்லாம் பிறகு.

வாட்ஸ்அப் குரல் பதிவுகள் உங்கள் போனிலேயே தனிக் கோப்புகளாக இருக்கும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒரு இடம், தேதிவாரியாகக் கிடக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு, அவருடையதைப் பிரித்து, பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று, தங்கை போனில் ஒன்று என்று வையுங்கள். அந்த உரையாடலை மட்டும் தனியாக எடுக்க, சாட்டின் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்தால் எழுத்தும் படங்களும் சேர்ந்து வரும். போனை ரீசெட் செய்து பேரனுக்குக் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "ரீசெட் பண்ணிட்டேன், திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்று வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே எனக்குப் பிடிக்காத வேலை.

என்னிடம் அப்பா குரலில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, ஒன்பது நொடி. "கடையைப் பூட்டிட்டியா, வரும்போது தேங்கா ஒண்ணு வாங்கிட்டு வா. முத்தலா பாரு."

ஃபேஸ்புக் கணக்கை என்ன செய்வது?

மூன்று வழி. அப்படியே விடலாம், நினைவுக் கணக்காக மாற்றலாம், அழிக்கச் சொல்லலாம்.

அப்படியே விட்டால் பிறந்தநாள் வரும். நினைவூட்டலைப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாத பழைய நண்பர்கள் "நூறாண்டு வாழ்க" என்று கேக் படம் போடுவார்கள். அதைவிட மோசம், யாராவது கணக்கைக் கைப்பற்றி "அவசரம், 5000 அனுப்பு" என்று செத்தவர் பெயரில் கேட்பது.

நினைவுக் கணக்கு வசதி 2009இலிருந்து இருக்கிறது. நாளிதழ் அறிவிப்போ இறப்புச் சான்றிதழோ காட்டி விண்ணப்பித்தால் பெயருக்குப் பக்கத்தில் 'நினைவாக' என்ற பொருளில் ஒரு சொல் வரும். பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். அவர் எழுதியது, போட்ட படம் எல்லாம் இருக்கும். அவர் வைத்திருந்த செட்டிங்ஸ் இடம் கொடுத்தால் நண்பர்கள் தொடர்ந்து எழுதலாம். ஆனால் ஒன்று: மாற்றிய நொடியிலிருந்து பாஸ்வேர்டு தெரிந்தாலும் யாரும் உள்ளே போக முடியாது. வீட்டில் கலந்து பேசாமல் யாரோ ஒரு நண்பர் அவசரப்பட்டு விண்ணப்பித்துவிடுவதும் நடக்கும்.

ஜெர்மனியில் அப்படித்தான் ஆனது. 2012இல் பெர்லினில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ரயில் மோதி இறந்தாள். விபத்தா தற்கொலையா என்று தெரியவில்லை. அவள் ஃபேஸ்புக்கில் ஏதாவது எழுதியிருப்பாளா என்று தாய் பார்க்கப்போனார். பாஸ்வேர்டு கையில் இருந்தது. ஆனால் அதற்குள் கணக்கு நினைவுக் கணக்காகியிருந்தது. வழக்கு நடந்து, 2018 ஜூலை 12இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கடிதமும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போவதுபோல இதுவும் போகும் என்று தீர்ப்புச் சொன்னது.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. இறந்தவருடைய கணக்கிலிருந்தே "இன்று காலை என் தந்தை காலமானார், இப்படிக்கு மகன்" என்று போடுவார்கள். அவர் படம், அவர் பெயர், அவரே தன் சாவை அறிவிப்பதுபோல இருக்கும். பார்க்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடும். நண்பர்கள் எல்லாருக்கும் ஒரே தடவையில் சேதி போக வேறு வழியில்லைதான். அப்படிப் போடுவதானால் முதல் வார்த்தையிலேயே 'மகன் எழுதுகிறேன்' என்று ஆரம்பியுங்கள்.

போன் லாக்கை எடுத்துத் தருவீர்களா?

கடையில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். புதிய போன்களில் லாக்கை எடுத்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து அழிந்துவிடும். "எடுத்துத் தருகிறேன், டேட்டா போகாது" என்று ஒருவர் சொன்னால் இரண்டு தடவை யோசியுங்கள்.

பாஸ்வேர்டு தெரிந்து உள்ளே போக முடிந்தாலும், போட்டோ, குரல், பத்திரம், வங்கி விவரம் இவற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள் என்பேன். மற்றவர்களோடு அவர் பேசியதைப் படிக்க உட்காராதீர்கள். தம்பியிடம் உங்களைப் பற்றி ஒருநாள் கோபத்தில் எழுதிய ஒரு வரி இருக்கலாம். போய்க் கேட்டுச் சண்டை போட ஆள் இல்லை, அந்த வரியோடு வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும். ஒருவர் இங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து படித்துவிட்டு, போனைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்துத்தான் வந்து வாங்கிக்கொண்டார்.

சாவு வீட்டை நேரலையில் காட்டலாமா?

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற மகனுக்கு வீடியோ கால் போட்டு முகத்தைக் காட்டுங்கள். விமான டிக்கெட் கிடைக்காதவனுக்கு அதுதான் கடைசிப் பார்வை. 2020 ஊரடங்கில் பக்கத்து ஊர்க்காரர்களுக்கே அதுதான் வழியாக இருந்தது. ஊருக்கே தெரிகிற மாதிரி பாட்டுப் போட்டு ரீல்ஸ் ஆக்குவது எனக்குப் பிடிக்காது.

இறந்தவர் குரலில் பேசவைக்கிற ஏஐ வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. 2018இல் மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அதே மாதம் 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கு உரிய பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார்.

அதெல்லாம் மேடையும் சினிமாவும். வீட்டில்? ஒரு பெண் தன் அம்மாவின் குரல் பதிவுகளைக் கொண்டுவந்து, "இதை வைத்து அம்மாவைப் பேசவைக்க முடியுமாண்ணே?" என்று கேட்டாள். முடியும் என்று தெரியும், செய்துதர மனம் வரவில்லை. பதிவில் இருப்பது அவர் சொன்னது. ஏஐ பேசுவது அவர் சொல்லாதது. 'தேங்கா வாங்கிட்டு வா' என்ற ஒன்பது நொடிக்குப் பக்கத்தில் என் அப்பா சொல்லாத பத்து நிமிடத்தை வைத்தால், கொஞ்ச நாளில் எது அவர் சொன்னது என்று எனக்கே மறந்துவிடும். இது என் பயம். அந்தப் பெண்ணுக்கு வேறு மாதிரி இருக்கலாம். அப்பாவையும் அண்ணனையும் கேட்டுவிட்டு முடிவு செய் என்று அனுப்பினேன்.

வீட்டில் ஒருவருக்குப் பார்க்கப் பிடிக்கிறது, இன்னொருவர் எடுத்துவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

அழிக்காதீர்கள், கண்ணில் படாமல் வையுங்கள். ஃபேஸ்புக்கின் பழைய நினைவுகளில் குறிப்பிட்ட ஆளையோ தேதியையோ காட்டாதே என்று சொல்லிவைக்கலாம். வாட்ஸ்அப் சாட்டை 'ஆர்கைவ்' செய்யலாம். அவரவர் போனில் அவரவர் செய்துகொண்டால் சண்டை இல்லை.

எனக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகள் அலையக் கூடாது. இப்போதே என்ன செய்யலாம்?

கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று தேடுங்கள். 3 மாதமோ 18 மாதமோ, நீங்கள் குறிக்கிற காலம் கணக்கு அசையாமல் கிடந்தால், நீங்கள் சொன்ன ஆட்களுக்குத் தகவலும் படங்களும் போகும். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். இதைச் செய்யாமல் விட்டால், இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கக்கூடும். போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கும். ஆப்பிளில் 2021 டிசம்பரிலிருந்து ஐந்து பேர் வரை 'லெகசி காண்டாக்ட்' என்று வாரிசுகளாகச் சேர்க்கலாம். அவர்களுக்கு ஒரு சாவி எண் கிடைக்கும், அதை அச்செடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள். ஃபேஸ்புக்கில் செட்டிங்ஸுக்குள் 'மெமோரியலைசேஷன்' என்று தேடினால் ஒருவரை நியமிக்கலாம். அவர் முகப்புப் படத்தை மாற்றலாம், மேலே ஒரு பதிவு போடலாம், ஆனால் உங்கள் மெசேஜ்களைப் படிக்க முடியாது. நம் நாட்டில் 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இறப்புக்குப் பிறகு நம் சார்பில் உரிமை கோர ஒருவரை நியமிக்க இடம் கொடுக்கிறது.

இதெல்லாம் தலைசுற்றினால், போன் பேட்டர்னை ஒரு தாளில் வரைந்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரில் போடுங்கள். நான் போட்டிருக்கிறேன்.

எப்போது நிறுத்துவது?

இதற்குத் தேதி கிடையாது. முதலில் சொன்னேனே, அந்த ஆசிரியை, மாதாமாதம் கணவர் நம்பருக்கு ரீசார்ஜ் போட என் கடைக்குத்தான் வருவார். போன வாரமும் வந்தார். இப்போது இன்னும் குறைந்த பிளான் இருக்கிறதா என்று கேட்டார். ஏன் என்றேன். "வெள்ளிக்கிழமை மட்டும்தான் அனுப்புறேன் தம்பி, டேட்டா அவ்வளவு வேண்டாம்" என்றார்.